சிறைச்சாலைக் கட்டுமானமும் திட்டக் குழுமமும்

மாநில அரசு புதிய சிறைச்சாலை கட்டும்போது, அப்பகுதியின் நிலப் பயன்பாட்டை முறைப்படுத்தும் திட்டக் குழுமத்தால் அதைத் தடுக்க முடியுமா என்பது நகரமைப்பில் அடிக்கடி எழும் கேள்வி. தமிழ்நாட்டில் குழுமம் ஆட்சேபணை தெரிவிக்கலாம். இறுதி முடிவு மாநில அரசிடமே உள்ளது.

சட்ட அடிப்படை

இந்திய அரசியலமைப்பின் 7ஆம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 4ஆவது இனமாகச் சிறைகள் இடம்பெற்றுள்ளன. நகரமைப்புத் திட்டமிடலோ, 1992ஆம் ஆண்டின் 74ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 12ஆம் அட்டவணையில், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளுள் முதலாவதாக உள்ளது. எனினும் எந்த அளவு ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்கிறது.

தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971இன்கீழ் மண்டல, உள்ளூர், புதுநகர்த் திட்டக் குழுமங்கள் அமைக்கப்படுகின்றன. தனியார் ஒருவர் கட்டடம் கட்டத் திட்ட அனுமதி பெறவேண்டும். அரசுத் துறைக்கு நடைமுறை வேறு. சென்னைப் பெருநகரப் பகுதியில், துறை தன் நோக்கத்தை வரைபடங்களுடன் முன்கூட்டியே குழுமத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். குழுமம் ஆட்சேபித்தால், துறை திட்டத்தைத் திருத்தலாம். அல்லது ஆட்சேபணையுடன் சேர்த்து அரசின் ஒப்புதலுக்கு அனுப்பலாம். சிறைத்துறையும் அரசின் ஓர் உறுப்பே என்பதால், கேட்பவரும் தீர்ப்பவரும் ஒருவராகவே அமைந்துவிடுகிறார்கள்.

புழல் சிறை

1837இல் தொடங்கப்பட்ட சென்னை மத்திய சிறை, நகரம் வளர்ந்தபோது சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய நெரிசலில் சிக்கிக்கொண்டது. 2006இல் கைதிகள் புழலில் கட்டப்பட்ட புதிய வளாகத்துக்கு மாற்றப்பட்டனர். தண்டனைக் கைதிகள், விசாரணைக் கைதிகள், பெண்கள் ஆகியோருக்கு அங்குத் தனித்தனிச் சிறைகள் உள்ளன. பழைய கட்டடம் 2009இல் இடிக்கப்பட்டது; நிலம் சென்னை மருத்துவக் கல்லூரியின் விரிவாக்கத்துக்குப் பயன்பட்டது.

ஆயிரக்கணக்கானோர் தங்கும் சிறை, ஒரு சிற்றூருக்குச் சமம். குடிநீர், கழிவுநீர், சாலை ஆகிய சுமைகள் உள்ளூரையே சேரும். நகருக்கு வெளியே அமைந்தால் நீதிமன்றப் பயணமும் உறவினர் சந்திப்பும் கடினமாகும்.

எல்லாச் சிறைகளும் ஒரே அளவில் நிலத்தைப் பாதிப்பதில்லை. சாக்கோட்டை அமைந்துள்ள சிவகங்கை மாவட்டத்தில், காளையார்கோவில் அருகே புரசடை உடைப்பில் திறந்தவெளிச் சிறை இயங்குகிறது. நன்னடத்தையுள்ள கைதிகள் அங்கு வேளாண்மை செய்கின்றனர்.

இங்கிலாந்து நடைமுறை

இங்கிலாந்தில் 2006 வரை அரசுக் கட்டடங்களுக்குத் திட்ட அனுமதி தேவைப்படவில்லை. அதன்பின் சிறைக்கும் திட்ட அனுமதி தேவையாயிற்று. கார்ட்ரீ சிறைக்கு அருகே புதிய சிறை கட்டும் திட்டத்தை ஹார்பரோ மாவட்ட மன்றம் 2022இல் மறுத்தது. மேல்முறையீட்டில் 2023இல் அரசு அனுமதித்தது. அங்கும் இறுதிச் சொல் அரசுடையதே. ஆனால் மறுப்புக்கான காரணங்கள் பொது விசாரணையில் வெளிப்படையாக ஆராயப்பட்டன.

பொதுமக்களின் பங்கு

வரைவு முழுமைத் திட்டம் வெளியிடப்படும்போது பொதுமக்கள் ஆட்சேபணையும் ஆலோசனையும் தெரிவிக்கலாம். கிராம சபைத் தீர்மானம் அரசின் கட்டுமானத்தைத் தானாகத் தடுக்காது. ஆயினும் நீர்நிலை, மேய்ச்சல் நிலம், பாதை ஆகியவை பற்றிய ஊராரின் கருத்தைப் பதிவு செய்யும் ஆவணமாக அது பயன்படும். இடம் உறுதியாவதற்கு முன்பே இவற்றைத் தெரிவிப்பது பயன் தரும்.