ஏட்டினின்று செவிக்கு

மாத்தளை நகரை அடுத்த அலுவிகாரையிலே, கி.மு. முதலாம் நூற்றாண்டில், வாய்மொழியாய் வழங்கிய பாளித் திரிபிடகம் அழிந்துபடாவண்ணம் ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. செவிக்குரியது கண்ணுக்குரியதாயிற்று. 1925இல் கொழும்பில் தொடங்கிய வானொலியும் இன்றைய வலையொலியும் இதற்கு மறுதலையானவை. அவற்றில் எழுத்து மீண்டும் குரலாகின்றது.

எந்நிறுவனத்தையும் சாராது இவற்றுக்கு எழுதப் புகுவோர் முதலில் உணரவேண்டியது இதுவே. படிப்பவர் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பர். கேட்பவர் அரிதாகவே மீளக் கேட்பர். ஆகவே, வாக்கியம் ஒரு மூச்சில் அடங்கவேண்டும். பெயர்களும் எண்களும் நெருங்கி நிற்றலாகாது. எழுதியதை உரக்கப் படித்து நேரத்தை அளத்தல் வேண்டும்.

மாதச் சம்பளம் இல்லாதவர்க்கு எழுத்தே முதல். ஆதலின் ஊதியம், மறு ஒலிபரப்பு, பதிப்புரிமை ஆகியவற்றை முன்னரே எழுத்தில் உறுதிசெய்தல் அறிவுடைமை. ஏட்டில் ஏறாத வாக்கு நிலையாது என்பதை அலுவிகாரை அன்றே உணர்த்திற்று.