எதிர்மின்னிச் சிதறல்

எதிர்மின்னிச் சிதறல் என்பது உயர் ஆற்றல் கொண்ட எதிர்மின்னிகளை (எலக்ட்ரான்களை) அணுக்கருவில் மோதவிட்டு, அவை விலகும் கோணத்தையும் இழக்கும் ஆற்றலையும் அளந்து, அணுக்கருவின் உள்ளமைப்பை அறியும் செய்முறை ஆகும். அணுக்கருவினுள் நேர்மின்னிகளும் (புரோட்டான்) நொதுமிகளும் (நியூட்ரான்) ஒன்றோடொன்று எவ்வாறு வினைபுரிகின்றன என்பதை ஆராய இம்முறை பெரிதும் பயன்படுகின்றது. இவ்விருவகைத் துகள்களும் பொதுவாக நியூக்கிளியான்கள் எனப்படும்.

எதிர்மின்னியைப் பயன்படுத்துவது ஏன்?

எதிர்மின்னி வன்விசைக்கு உட்படுவதில்லை. அது அணுக்கருவோடு பெரும்பாலும் மின்காந்த விசையின் வழியாகவே வினைபுரிகின்றது. இவ்விசையின் இயல்பு மிகத் துல்லியமாக அறியப்பட்டுள்ளதால், அளவீடுகளிலிருந்து அணுக்கருவின் அமைப்பைப் பிரித்தறிய இயலும். மேலும், துகளின் உந்தம் கூடக்கூட அதன் அலைநீளம் குறையும். 100 கோடி எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள எதிர்மின்னியின் அலைநீளம் ஏறத்தாழ 1.2 பெம்டோமீட்டர் (ஒரு பெம்டோமீட்டர் என்பது மீட்டரின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு). நேர்மின்னியின் ஆரம் ஏறத்தாழ 0.84 பெம்டோமீட்டர் என்பதால், இவ்வலைநீளம் நியூக்கிளியான்களை ஆராயப் போதுமானது.

வரலாறு

1950களில் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இம்முறையால் அணுக்கருக்களின் மின்னூட்டப் பரவலை அளந்தார். நேர்மின்னி ஒரு புள்ளியன்று, பருமன் உடையது என்பதையும் காட்டினார். இதற்காக 1961ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசை ருடால்ஃப் மாஸ்பாருடன் பகிர்ந்துகொண்டார்.

கணக்கில் வராத நேர்மின்னிகள்

கூடு மாதிரியின்படி, ஒவ்வொரு நியூக்கிளியானும் மற்றவை சேர்ந்து உருவாக்கும் சராசரிப் புலத்தில் தனித்து இயங்குகின்றது. எதிர்மின்னி ஒரு நேர்மின்னியை வெளியே தள்ளும்போது இரண்டையும் ஒருசேர அளந்தால், அந்த நேர்மின்னி அணுக்கருவினுள் கொண்டிருந்த உந்தத்தைக் கணிக்கலாம். வெளியேறும் வழியில் அது மீண்டும் மோதக்கூடும் என்பதால் அதற்கான திருத்தமும் செய்யப்படுகின்றது. ஆம்ஸ்டர்டாமின் நிக்கெஃப் ஆய்வகத்தில் இவ்வாறு அளந்தபோது, கூடு மாதிரி எதிர்பார்த்த நேர்மின்னிகளில் 60 முதல் 70 விழுக்காடு மட்டுமே கணக்கில் வந்தன.

குறுந்தொலைவு இணைகள்

இக்குறைக்கு ஒரு முக்கியக் காரணம், மிக அருகில் நெருங்கும் நியூக்கிளியான்கள் இணைகளாகச் செயல்படுவதாகும். அப்போது இரண்டும் ஏறத்தாழ எதிரெதிர்த் திசைகளில் மிகுந்த உந்தம் பெறுகின்றன. ஒன்றை எதிர்மின்னி தாக்கி வெளியேற்றினால் மற்றதும் எதிர்த்திசையில் வெளிப்படும். அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகத்தில் கார்பன்-12 அணுக்கருவைக் கொண்டு செய்த ஆய்வின் முடிவுகள் 2008இல் வெளியாயின. அதன்படி, நியூக்கிளியான்களில் ஏறத்தாழ 20 விழுக்காடு இத்தகைய இணைகளில் உள்ளன. அவ்விணைகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு நேர்மின்னி-நொதுமி இணைகள். தற்சுழற்சிகளின் திசையைச் சார்ந்த டென்சர் விசையே இதற்குக் காரணமாகும்.

இவ்விகிதம் எல்லா அணுக்கருக்களுக்கும் ஒன்றன்று. ட்ரிட்டியம், ஹீலியம்-3 ஆகியவற்றைக் கொண்டு நடத்தி 2022இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நேர்மின்னி-நொதுமி இணைகளின் மிகுதி கார்பனில் கண்டதைவிடக் குறைவாக இருந்தது.

முக்கியத்துவம்

நொதுமிகள் மிகுந்த அணுக்கருக்களில் சிறுபான்மையான நேர்மின்னிகளே இணை சேரும் வாய்ப்பை மிகுதியாகப் பெறுகின்றன என்பதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. நொதுமி விண்மீன்களிலும் நேர்மின்னிகள் சிறுபான்மையே. எனவே அவற்றின் குளிர்தல், அமைப்பு ஆகியவற்றைக் கணிக்கும்போது, அச்சிறுபான்மையைப் புறக்கணிக்க இயலாது.