லைஃப் ஜாக்கெட்: மாட்டச் சொல்வது யார் பொறுப்பு?

வடகிழக்குப் பருவமழை கைகொடுத்த ஆண்டில், காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் ஏரி நிரம்பித் ததும்பும். கோவளம் உப்பங்கழியிலும் ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டின் அலையாத்திக் காட்டிலும் கயாக் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு, இப்படியோர் ஏரியைக் கண்டால் இங்கேயும் துடுப்புப் போடலாமே என்று தோன்றும். தோன்றுவதில் தவறில்லை. ஆனால் கரையில் நின்று ‘ஜாக்கெட் மாட்டாமல் ஏறாதே’ என்று சொல்லப்போவது யார்?

பழைய விபத்துகள் சொல்வது என்ன?

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் உல்லாசமாகப் படகேறியவர்களில் 22 பேர் மூழ்கினார்கள். 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரிக்குச் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள் 12 பேரும் ஆசிரியைகள் இருவரும் படகு கவிழ்ந்து உயிரிழந்தார்கள். அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜாக்கெட் கொடுக்கப்படவில்லை. மூன்றும் ஆழ்கடலில் நடந்தவை அல்ல. கரை கண்ணுக்குத் தெரியும் நீரில் நடந்தவை.

அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் 2023ஆம் ஆண்டுக் கணக்கும் ஜாக்கெட்டின் அவசியத்தையே காட்டுகிறது. பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் மூழ்கி இறந்து, ஜாக்கெட் விவரம் தெரியவந்தவர்களில் 87 சதவீதம் பேர் அதை அணிந்திருக்கவில்லை.

ஜாக்கெட் என்ன செய்கிறது?

மனித உடலின் அடர்த்தி ஏறக்குறைய நீரின் அடர்த்திதான். தலையை மட்டும் நீருக்கு மேலே நிறுத்த, சில கிலோ எடைக்குச் சமமான தூக்குவிசை போதும். கயாக் ஓட்டுபவர்கள் அணிவது பெரும்பாலும் 50 நியூட்டன் வகை. சுமார் 5 கிலோவைத் தூக்கும். கையை வீசித் துடுப்புப் போட இடம் வேண்டும் என்பதால் இதை மெலிதாகச் செய்கிறார்கள். நீந்தத் தெரிந்து, நினைவோடு இருப்பவருக்கு இது துணை. மயங்கிக் குப்புற விழுந்தவரை இது மல்லாத்தும் என்று நம்ப முடியாது. அதற்கு 100 அல்லது 150 நியூட்டன் வகை வேண்டும். நீச்சல் தெரியாத விருந்தினரை ஏற்றும் இடத்தில் எந்த வகை வைத்திருக்கிறார்கள் என்று கேட்பது அவசியம்.

அளவும் முக்கியம். வாரை இறுக்கிய பிறகு, தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது அளவானதல்ல. பெரியவர் ஜாக்கெட்டைப் பிள்ளைக்கு மாட்டினால், நீரில் விழுந்ததும் ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை கீழே நழுவும்.

ஏரியில் என்ன ஆபத்து?

அலை இல்லாததால் ஏரி சாதுவாகத் தெரியும். மண் அள்ளிய பள்ளங்கள் நிரம்பிய நீருக்குள் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நிற்பவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் மூழ்கலாம். நீருக்கடியில் சீமைக்கருவேல முள்ளும், காலைச் சுற்றும் கொடியும், இடுப்புவரை இழுக்கும் சேறும் உண்டு. உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழியும்போது அந்தப் பக்கம் ஈர்க்கும் நீரோட்டத்தைத் துடுப்பால் வெல்வது கடினம்.

சட்டம் எங்கே நிற்கிறது?

1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021, எஞ்சின் பொருத்திய படகுகளுக்குப் பதிவு, தகுதிச் சான்று, காப்பீடு என்று பலவற்றையும் வகுக்கிறது. எஞ்சின் இல்லாத படகுகளுக்கும் அதில் இடம் உண்டு; அவற்றைக் கவனிக்கும் வேலையை மாநில அரசு உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கலாம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017இல் படகுப் பாதுகாப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஆனால் வழிகாட்டுதல் ஊர்க் கரைவரை தானாக வந்து சேராது.

பிரிட்டனில் 1993 மார்ச்சில் லைம் வளைகுடாவுக்குக் கயாக் பயிற்சிக்குச் சென்ற நான்கு மாணவர்கள் இறந்தார்கள். பயிற்சி நிறுவனமும் அதன் நிர்வாக இயக்குநரும் தண்டிக்கப்பட்டார்கள். அதன் விளைவாக 1995இல் தனிச் சட்டம் வந்தது. சிறாருக்கு இத்தகைய சாகசப் பயிற்சி நடத்த உரிமம் கட்டாயமானது.

யார் முன்வர வேண்டும்?

தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. பெரியவை நீர்வளத் துறையின் பொறுப்பு. படகு விடுபவர் சுற்றுலா நடத்துபவர். ஆபத்தென்றால் ஓடி வருவது தீயணைப்புத் துறை. இத்தனை பேருக்கு நடுவில் ஜாக்கெட்டைச் சரிபார்க்கும் வேலை யாருடையது என்பது எழுத்தில் இல்லாவிட்டால், அது யாருடைய வேலையும் இல்லை. தாமல் ஏரி இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரியைக் கவனிக்கும் ஏரி வாரியத்துக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்றுகூட வரையறுத்திருக்கின்றன.

இன்று அத்தனை நுணுக்கம் தேவையில்லை. ஏரியில் கயாக் விட அனுமதி கேட்பவரிடம் நான்கு நிபந்தனைகளை எழுதி வாங்கினால் போதும்: அளவுக்கேற்ற ஜாக்கெட் மாட்டியவருக்கே துடுப்பு, பயிற்சி பெற்ற மீட்பாளரும் மீட்புப் படகும் தயார், கலங்கல் வழியும் நாளில் படகு இறங்காது, இவற்றைச் சரிபார்க்கும் அலுவலரின் பதவியும் தொலைபேசி எண்ணும் கரையில் பலகையாக இருக்கும். நான்கில் ஒன்று குறைந்தாலும் அனுமதி இல்லை என்று சொல்ல, புதுச் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.