கார்ட்ரிட்ஜ் தீர்ந்துடுச்சா? தூக்கிப் போடாதீங்க... வீட்டிலேயே இங்க் நிரப்பலாம்!

மறுநாள் காலை தேர்வு. ராத்திரி பத்து மணிக்கு ஹால் டிக்கெட்டை பிரின்ட் போட்டால், பாதிப் பக்கம் வெள்ளையாக வருகிறது. புது கார்ட்ரிட்ஜ் விலையைப் பார்த்தால், 'இதுக்கு புது பிரின்டரே வாங்கிடலாம்போல' என்று தோன்றும். இத்தனைக்கும், சின்ன கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது சில மில்லி இங்க்தான். ஒருமுறைக்கு 5 மில்லி என்று வைத்தாலும், 100 மில்லி பாட்டிலில் 20 முறை நிரப்பலாம்!

என்னென்ன தேவை?

உங்கள் கார்ட்ரிட்ஜ் மாடலுக்கு ஏற்ற ரீஃபில் இங்க், ஊசியுடன் சிரிஞ்ச், டிஷ்யூ, கையுறை, பல்குச்சி, கீழே விரிக்கப் பழைய நியூஸ்பேப்பர்.

எப்படி நிரப்புவது?

1. கார்ட்ரிட்ஜை டிஷ்யூ மேல் வைத்து, மேலே உள்ள லேபிளை மெதுவாக உரியுங்கள். சின்னத் துளைகள் தெரியும்.

2. கலர் கார்ட்ரிட்ஜ் என்றால், ஒவ்வொரு துளையிலும் தனித்தனி பல்குச்சியை விட்டு எந்த நிறம் என்று பாருங்கள். இதில் மாறினால் எல்லாம் போச்சு.

3. உள்ளே ஸ்பான்ஞ்ச் இருக்கும். ஊசியை அதில் இறக்கி, சொட்டுச் சொட்டாக ஏற்றுங்கள். துளையில் இங்க் எட்டிப் பார்த்தால் உடனே நிறுத்தி, கொஞ்சம் திரும்ப உறிஞ்சிவிடுங்கள்.

4. லேபிளைத் திரும்ப ஒட்டுங்கள். காற்று போக வழி வேண்டும், அதனால் செலோ டேப் போட்டு இறுக்கி அடைக்காதீர்கள்.

5. அடியில் உள்ள நாசிலை டிஷ்யூவில் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. பிறகு மாட்டி, ஒருமுறை 'ஹெட் க்ளீனிங்' கொடுங்கள்.

'எம்ப்ட்டி'ன்னே காட்டுதே?

பயப்பட வேண்டாம். பல பிரின்டர்கள் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை, எத்தனை சொட்டு செலவானது என்று கணக்கு மட்டும் வைக்கின்றன. அந்த மெசேஜில் ஓகே கொடுத்து வேலையைத் தொடரலாம். சில கேனான் மாடல்களில் 'ஸ்டாப்' பட்டனை 5 விநாடிகளுக்கு மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

இதை மட்டும் மறக்காதீங்க

இங்க் சுத்தமாகத் தீரும் வரை காத்திருக்காதீர்கள். ஹெச்.பி, கேனான் கார்ட்ரிட்ஜ்களில் நாசில் சூடாகித்தான் இங்க்கைத் துப்பும். அதைக் குளிர வைப்பதும் அதே இங்க்தான். காய்ந்த நிலையில் ஓட்டினால் ஹெட் கருகிவிடும், பிறகு எவ்வளவு நிரப்பினாலும் வராது. எழுத்து மங்க ஆரம்பித்ததுமே நிரப்புங்கள். வாரம் ஒரு பக்கமாவது பிரின்ட் எடுங்கள்.

ரீஃபில் செய்ததால் பிரின்டர் பழுதானால் வாரன்டி கிடைக்காது. ஒரே கார்ட்ரிட்ஜை காலம் முழுக்க ஓட்டவும் முடியாது. கோடு கோடாக வரத் தொடங்கினால் அதற்கு விடை கொடுத்துவிடுங்கள்.

மாதம் நூற்றுக்கணக்கில் பிரின்ட் எடுப்பவரா நீங்கள்? சிரிஞ்ச் வேலையே வேண்டாம். பாட்டிலிலிருந்து நேராக ஊற்றும் இங்க் டேங்க் பிரின்டர்தான் உங்களுக்குக் கட்டுப்படியாகும். எப்போதாவது ஒரு ஹால் டிக்கெட், ஒரு ஆதார் நகல் என்றால், ஒரு பாட்டில் இங்க்கும் கொஞ்சம் பொறுமையும் போதும்!