உலக நடப்பைப் பேச யாரை அழைப்பது?

விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் இரயிலில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் தங்கவயல் மக்களில் நீங்களும் ஒருவராயிருக்கலாம். அல்லது 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்ட பின்பு, குடும்பத்தோடு பட்டணத்தில் குடியேறியவராயிருக்கலாம். உங்கள் சொந்த ஊர்ப் பள்ளியிலும் சபையின் வாலிபர் கூடுகையிலும் பிள்ளைகள் யுத்தங்களைக் குறித்தும் வெளிநாட்டு வேலையைக் குறித்தும் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லுகிறவர் யார்? பெரும்பாலும் கைப்பேசியில் வந்த வதந்தியே அங்கே உபதேசியாகிவிடுகிறது.

இது அற்பமான காரியமல்ல. 2022-ஆம் ஆண்டில், தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்ட இந்தியர்களில் தமிழ் வாலிபரும் இருந்தார்கள். அந்த எல்லைப் பகுதியின் நிலைமையை முன்னரே ஒருவர் விளக்கியிருந்தால், சிலராவது தப்பியிருக்கக்கூடும் அல்லவா?

உலகம் தங்கவயலுக்குப் புதிதல்ல. 1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கங்களை நடத்தினார்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தபோது, அதற்கான இயந்திரங்கள் அமெரிக்காவிலும் சுவிட்சர்லாந்திலும் செய்யப்பட்டவை. 1965-இல் சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழத்தில் இந்திய, ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகள் சேர்ந்து, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ துகளின் அடையாளத்தைக் கண்டார்கள். இப்படிப்பட்ட ஊரின் பிள்ளைகள் உலக காரியங்களை அறியாதிருக்கலாமோ?

அப்படியானால் பேச்சாளரை எங்கே தேடுவது? முதலாவது, கற்றறிந்தவர்கள். புதுதில்லி சப்ரூ இல்லத்திலுள்ள உலக விவகாரங்களுக்கான இந்தியக் கழகம் 1943-இல் தோன்றியது. நமது வெளியுறவு அமைச்சகம் ஓய்வுபெற்ற தூதர்களைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிச் சொற்பொழிவுகள் நடத்திவருகிறது. பெங்களூரிலேயே 1988-இல் தொடங்கப்பட்ட தேசிய உயர் ஆய்வு நிறுவனமும், தொம்மலூரில் பெங்களூர் சர்வதேச மையமும் உள்ளன. இவ்விடங்களில் கூட்டம் நடைபெறும்போது ஓர் ஆசிரியரோடு நீங்கள் சென்று, முடிவில் பேச்சாளரைச் சந்தித்து, அழைப்புக் கடிதத்தை நேரில் கொடுக்கலாம். பட்டணத்தில் வாழும் உங்களால் மாத்திரமே எளிதாகச் செய்யக்கூடிய உதவி இது.

இரண்டாவது, அயல்நாட்டுத் துணைத் தூதரகங்கள். ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான் போன்ற நாடுகளின் அலுவலகங்கள் பெங்களூரில் உள்ளன. அவர்கள் தங்கள் நாட்டின் பார்வையையே சொல்லுவார்கள் என்பதை மறவாமல், மறுபக்கத்தை அறிந்த வேறொருவரையும் அடுத்த மாதம் அழையுங்கள்.

மூன்றாவது, நம் நடுவிலேயே இருக்கிற சாட்சிகள். வளைகுடாவில் பணிசெய்து திரும்பிய செவிலியரும் ஓட்டுநரும், சுரங்கத்தில் உழைத்த முதியவரும் தாங்கள் கண்டதையும் கேட்டதையும் சொல்லத் தகுதியுள்ளவர்கள். ஆனால் கண்டதைச் சொல்லுவது வேறு. அது ஏன் நிகழ்ந்தது என்று விளக்குவது வேறு. ஓட்டுநரிடம் சம்பளத்தையும் தங்குமிடத்தையும் கேளுங்கள். அந்நாட்டு அரசின் கொள்கையைத் தூதரிடம் கேளுங்கள். வேதாகமக் கல்லூரியில் கற்றதினாலேயே ஒரு போதகர் மேற்காசிய அரசியலை அறிந்தவராகிவிடுவதில்லை. இதை என்னையும் சேர்த்தே சொல்லுகிறேன்.

அழைக்கும் விதமும் முக்கியமானது. ஒரு மாதத்திற்கு முன்பே எழுதுங்கள். பிள்ளைகளின் வயது, எண்ணிக்கை, மொழி, பயணச் செலவு ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். "உலக சமாதானம்" என்று பரந்த தலைப்பைக் கொடாமல், "வெளிநாட்டு வேலைக்குப் போகுமுன் எதை விசாரிக்க வேண்டும்?" என்று ஒரே கேள்வியைக் கொடுங்கள். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவுபெற்ற முகவரா என்று இ-மைகிரேட் தளத்தில் பார்த்தறியும் வழியைப் பிள்ளைகளுக்குக் காண்பிக்கும்படியும் கேட்டுக்கொள்ளலாம்.

பேச்சுக்கு அரைமணி நேரம், கேள்விகளுக்கு அரைமணி நேரம் போதும். சுவரில் ஒரு உலகப்படம் இருக்கட்டும். பேச்சாளர் ஆங்கிலத்தில் பேசுவாரானால், நம் சபைகளில் பிரசங்கத்தை மொழிபெயர்த்துப் பழகிய ஒருவரை ஆயத்தப்படுத்துங்கள். போர்நிறுத்தம், பொருளாதாரத் தடை, அகதி போன்ற சொற்களை அவர் முன்னதாகவே பேச்சாளரிடம் கேட்டு அறிந்துகொள்வாராக.

பிரியமானவர்களே, ஊரை விட்டு வந்தாலும் ஊரின் பிள்ளைகள் நம்முடைய பிள்ளைகளே. அடுத்த முறை நீங்கள் மாரிக்குப்பம் இரயிலில் ஊருக்குத் திரும்பும்போது, பட்டணத்துப் பலகாரத்தோடு உலகத்தை அறிந்த ஒருவரையும் உடன் அழைத்துச் செல்வீர்களா?