இன்டெல் – ஏ.எம்.டி. போட்டி

இன்டெல் – ஏ.எம்.டி. போட்டி என்பது தனிநபர் கணினிகளுக்கான நுண்செயலிகளைக் கணினி உற்பத்தியாளர்களுக்கு விற்பதில் இவ்விரு அமெரிக்க நிறுவனங்களுக்கும் இடையே நிலவிவரும் போட்டியாகும். இன்டெல் 1968 இலும், ஏ.எம்.டி. எனப்படும் அட்வான்ஸ்டு மைக்ரோ டிவைசஸ் 1969 இலும் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டன.

பின்னணி

1981 இல் வெளிவந்த ஐ.பி.எம். கணினியில் இன்டெலின் 8088 நுண்செயலி இடம்பெற்றது. முக்கியமான உறுப்பு ஒன்றுக்கு ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க ஐ.பி.எம். விரும்பவில்லை. ஆகவே 1982 ஒப்பந்தத்தின்படி ஏ.எம்.டி. இரண்டாவது வழங்குநரானது. ஆனால் 1985 இல் வெளியான 80386 இன் வடிவமைப்பைத் தர இன்டெல் மறுத்தது. அதனால் எழுந்த வழக்குகள் 1995 வரை நீடித்தன. இதற்கிடையே, 1991 இல் ஏ.எம்.டி. அதற்கு இணையான ஏஎம்386 ஐ வெளியிட்டது.

தள்ளுபடி முறை

2003 இல் ஏ.எம்.டி. தனது ஆப்டெரான் நுண்செயலி வழியாக எக்ஸ்86 கட்டமைப்பை 64 பிட்டுக்கு விரிவாக்கியது. மறு ஆண்டு இன்டெலும் அதையே பின்பற்றியது. இருந்தும் டெல் நிறுவனம் 2006 வரை இன்டெல் நுண்செயலிகளையே பயன்படுத்திவந்தது. இதனைத் தொழில்நுட்பத்தைக் கொண்டு மட்டும் விளக்க இயலாது.

பெரிய உற்பத்தியாளர் ஒருவரின் தேவை முழுவதையும் நிறைவுசெய்யும் உற்பத்தித்திறன் ஏ.எம்.டி.யிடம் இல்லை. ஆகவே எவரும் பெரும்பகுதியை இன்டெலிடமே வாங்கவேண்டியிருந்தது. ஏறத்தாழ எல்லாவற்றையும் தன்னிடமே வாங்குவோருக்கு இன்டெல் தள்ளுபடி அளித்தது என ஐரோப்பிய ஆணையம் கண்டறிந்தது. 100 நுண்செயலிகள் வாங்கும் ஒருவர் அவற்றுள் 20 ஐ ஏ.எம்.டி.யிடம் வாங்கினால், எஞ்சிய 80 க்கான தள்ளுபடியையும் இழக்க நேரிடும். அவ்விழப்பை ஈடுசெய்ய அந்த 20 இன் விலையை ஏ.எம்.டி. மிகவும் குறைத்தாக வேண்டும். ஒருமுறை ஏ.எம்.டி. 10 லட்சம் நுண்செயலிகளை இலவசமாகவே தர முன்வந்தபோது, அந்த உற்பத்தியாளர் 1,60,000 ஐ மட்டுமே ஏற்றுக்கொண்டார் என்பது ஆணையம் தரும் தகவல்.

வழக்குகள்

2005 இல் ஏ.எம்.டி. அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது; 2009 நவம்பரில் இன்டெல் 125 கோடி டாலர் தர இசைந்து சமரசம் செய்துகொண்டது. அதே ஆண்டு மே மாதம் ஐரோப்பிய ஆணையம் 106 கோடி யூரோ அபராதம் விதித்திருந்தது. தள்ளுபடிகளின் விளைவு போதிய அளவு நிறுவப்படவில்லை எனக் கூறி ஐரோப்பியப் பொது நீதிமன்றம் 2022 இல் இவ்வபராதத்தை நீக்கியது. எனினும் ஏ.எம்.டி. நுண்செயலி கொண்ட கணினிகளின் வெளியீட்டைத் தாமதப்படுத்தப் பணம் கொடுத்தது தொடர்பான முடிவு நிலைத்தது. அதற்காக 2023 இல் ஆணையம் 37.6 கோடி யூரோ அபராதத்தைப் புதிதாக விதித்தது.