பட்மின்டனில் வல்லடி

பட்மின்டன் ஆட்டத்திலே தலைக்கு மேலாக ஓங்கியடிக்கும் ‘ஸ்மாஷ்’ மணிக்கட்டின் வலிமையாற் பிறப்பதென்பர் பலர். அது முற்றும் பொருந்தாது. விசை பாதத்திலே தொடங்குகின்றது. பின்கால் நிலத்தை உந்த, இடுப்புத் திரும்புகின்றது. அதனைத் தொடர்ந்து உடலும், தோளும், முழங்கையும் ஒன்றன்பின் ஒன்றாய் விரைகின்றன. ஈற்றில் மேற்கையும் முன்னங்கையும் உட்புறமாகச் சுழலும் கணத்திலேயே மட்டை பெருவேகம் எய்துகின்றது. பந்தைத் தலைக்குச் சற்று முன்னே சந்தித்தாலன்றி அது கீழ்நோக்கிப் பாயாது.

இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023ஆம் ஆண்டில் அடித்த பந்து மணிக்கு 565 கிலோமீற்றர் வேகம் பெற்றது. ஏறக்குறைய 5 கிராம் நிறையுள்ள இறகுப்பந்து அத்துணை விரைந்தது இவ்வரிசையின் பயனேயாம்.

காலையும் இடுப்பையும் மறந்து கையை மாத்திரம் வீசுவோர், குறைந்த விசையைத் தோளிலே தேடுவர். நாளடைவில் அத்தோளே நோவுறும். ஆதலின், நம் இளம் ஆட்டக்காரர் வன்மையை நாடுமுன் வரிசையைப் பயில வேண்டுமென நாம் விழைகின்றோம்.